ஓடை வளைவில் எட்டாம் குழி

1932 செப்டம்பர் 5, திங்கள்

வெயில். காலையில் நூற்று நாற்பது ரப்பர் மரம் சீவினேன். பால் தண்ணீராக வருகிறது. பத்து மணிக்கு மேல் ஓடை.

ஆறாம் குழி. நெஞ்சளவு ஆழம். மேலே கரிய மண், பிறகு மஞ்சள் களி, அதன் கீழ் வெள்ளைக் கூழாங்கல். தங்கம் அலசும் இங்கிலீஷ் புத்தகத்தில் போட்டிருக்கும் அடுக்கு இதேதான். இருபத்தேழு சட்டி அலசினேன். அடியில் கருமணல். வேறொன்றும் இல்லை.

அஞ்சலை சோற்றைக் குழி மேட்டில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த மரத்து வேரையும் வெட்டியாச்சா?"

"ஓரத்து வேருதான்."

"போன மாசமும் ஓரத்து வேருதான். அந்த மரம் இப்போ அடுப்புல எரியுது."

எட்டு மாதத்தில் பதினொரு மரம் சாய்ந்திருக்கிறது. எல்லாம் அவள் கையால் நட்டவை. அது எனக்கும் தெரியும்.

அலசும் இரும்புச் சட்டி அவளுடையது. கொடுக்கும்போதே நிபந்தனை: வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். துருப்பிடித்தால் புதுச் சட்டி. தினமும் தடவுகிறேன். வார்த்தை தவறுகிறவன் நான் அல்ல.

செப். 7, புதன்

மதியம் வரை மழை. சீவல் இல்லை. குழி நிறையத் தண்ணீர். இறைத்துப் பயனில்லை.

கடைக்குப் போனேன். உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு, தீப்பெட்டி. தீப்பெட்டி நமத்தது, மாற்றித் தரச் சொல்லி அரை மணி வாதம், மாற்றினார்.

கடைப் பெஞ்சியில் கிராணி சுப்பையா. பக்கத்துப் பெரிய தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி, துரைக்கு வலது கை. இந்தக் குறிப்பேட்டில் இனி கி.சு. முழுப் பெயருக்கு மை வீண்.

"என்ன பெரியவரே, தங்கம் எத்தனை மூட்டை ஆச்சு? தோட்டத்து லாரிய அனுப்பட்டுமா?"

பெஞ்சியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"லாரி வேணாம். நீங்க வந்து பார்த்தா போதும்."

"நான் பார்க்காததா? இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னாடியே பார்த்தாச்சே. அப்பவும் இதே கதைதானே விட்டீங்க!"

மறக்கிறவன் நானல்ல. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். இந்தப் பக்கமெல்லாம் காடாக இருந்தபோது நில அளவைக் கூட்டத்தில் சங்கிலி பிடித்தேன். கி.சு. அதே கூட்டத்தில் கணக்கெழுதும் சின்ன கிராணி. இதே ஓடை, இதே வளைவு. தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது கூழாங்கல் இடுக்கில் மஞ்சளாக ஒரு பொட்டு. பல்லில் கடித்தேன், அமுங்கியது. உள்ளங்கையில் வைத்து அவரிடம் காட்டினேன். பார்த்தார். ஊதிவிட்டார். எங்கே போய் விழுந்ததென்று தெரியவில்லை. "மைக்கா. பொய் சொல்லிப் பேர் வாங்கப் பார்க்கிறான்" என்றார். பன்னிரண்டு ஆள் நின்றார்கள். எதிர்த்துப் பேசினேன். மறுநாள் எனக்கு வேலை இல்லை.

மைக்கா பல்லில் பட்டால் ஏடு ஏடாக உரியும். அமுங்காது.

பதினொரு வருடம் பொறுத்திருந்து, அந்த வளைவு உள்ளே வரும்படி ஆறு ஏக்கர் வாங்கினேன். ரப்பர் போட என்று அஞ்சலை நினைத்தாள். நான் மறுக்கவில்லை.

செப். 10, சனி

எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய், உச்சியிலிருந்து. உடம்பு இளகியதும் நேரே குழிக்கு. ஏழாம் குழி இன்று தொடக்கம். வியர்வையோடு எண்ணெய் வழிந்து கண் எரிந்தது. முப்பது சட்டி. ஒன்றும் இல்லை.

இடது முழங்கால் மடக்க முடியவில்லை. கொய்யா இரண்டு பழுத்தது, அணில் தின்றது.

செப். 12, திங்கள்

மூட்டம், காற்றில்லை.

கீழே ஆற்றோரம் ஈயமணல் அலசும் சீனப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களில் மூத்தவள் என் நிலத்து ஓரமாகத்தான் போய்வருவாள். முதுகில் அகலமான மரத்தட்டு, தலையில் கூம்புத் தொப்பி. இரண்டு வருடமாக வெறும் தலையசைப்பு. இன்று நின்றாள். நான் சட்டி சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கேட்காமலே குழிக்குள் இறங்கினாள். சட்டித் தண்ணீரில் விரலை விட்டு முகர்ந்தாள்.

"மிஞ்ஞாக்!" என்றாள். எண்ணெய்.

துருப்பிடிக்காமல் இருக்கத் தடவுவது என்று மலாயில் விளக்கினேன். அவள் சிரித்தது ஆறுவரை கேட்டிருக்கும். எனக்கு அவள் வைத்த பேர் தவுக்கே, முதலாளி.

"அலாமாக்! தவுக்கே, நீ மீன் பொரிக்கிறியா, மண்ணு கழுவுறியா?"

கருமணலை வெயிலில் உலர்த்தி ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் மேல் தூவினாள். முழுகவில்லை. படலத்தில் ஒட்டிக்கொண்டு மிதந்தது. சட்டியைச் சாய்த்தாள். மிதந்ததெல்லாம் விளிம்பு தாண்டி ஓடையில். பெரிய துண்டு என்றால் அடியில் நிற்கும், பொடி எல்லாம் எண்ணெயோடு ஓடிவிடும் என்று கையால் காட்டினாள். பிறகு என் தலையைச் சுட்டினாள்.

"அங்கேயும் மிஞ்ஞாக்."

எட்டு மாதம். ஒரு நாளைக்கு இருபத்தைந்து சட்டி. பெருக்கிப் பார்க்கவில்லை.

மாலை அஞ்சலையிடம் சொன்னேன், எண்ணெய் தடவச் சொன்னது நீ என்று.

"சட்டி துருப்பிடிக்காம பார்த்துக்கங்கன்னு சொன்னேன். தங்கத்தை ஓடையில விடுங்கன்னா சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ தப்பு என் மேல?"

"சட்டி மேல."

என் வேலையில் தவறு இல்லை. அலசிய முறை எழுத்துக்கு எழுத்து புத்தகப்படி. புத்தகத்தில் எண்ணெய் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதியவன் வெள்ளைக்காரன், எண்ணெய் தேய்த்துக் குளிக்காதவன். விட்டுவிட்டான்.

செப். 13, செவ்வாய்

சட்டியைக் கவிழ்த்துப் போட்டு விறகு வைத்து எரித்தேன், புகை நிற்கும்வரை. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு மூன்று முறை தேய்ப்பு. கைக்குச் சீயக்காய். தலைக்குச் சீயக்காய், இரண்டு முறை. தலையில் இறுக்கித் துண்டு.

மாலையில் அஞ்சலை: "பத்து வருசமா பழக்கின சட்டி. இனிமே எது போட்டாலும் ஒட்டும். சாப்பிட வராதீங்க."

சாப்பிட்டேன். ஒட்டித்தான் இருந்தது.

செப். 14, புதன்

வெயில்.

ஏழாம் குழியை விட்டேன். சீனத்தி முந்தாநாள் போகும்போது வளைவின் உள்பக்கத்தை மோவாயால் காட்டினாள். தண்ணீர் வேகம் குறைந்து திரும்பும் இடம். அங்கே எட்டாம் குழி. இடுப்பளவிலேயே வெள்ளைக் கல் வந்துவிட்டது.

ஒன்பதாவது சட்டி. கருமணலை ஒதுக்கியபோது அதன் வால் பக்கம் நான்கு பொட்டு. மஞ்சள். நிழலுக்குக் கொண்டுபோனேன். நிழலிலும் அதே மஞ்சள். ஊசிமுனையால் குத்தினேன். உடையவில்லை. பள்ளம் விழுந்தது.

தங்கம்.

கல் மேல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பத்தாவது சட்டி. அதில் இரண்டு. பதினொன்றில் இல்லை. பன்னிரண்டில் அரிசிக் குறுணை அளவு ஒன்று.

அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இது தங்கம், அஞ்சலை."

"தங்கம்தான். மூக்குத்தித் திருகுக்குக் காணுமா?"

செப். 16, வெள்ளி

இரண்டு நாளும் எட்டாம் குழி. இருப்பது தைலப் புட்டியில். இரண்டு குன்றிமணி எடை தேறும்.

சீனத்தி வந்தாள். புட்டியைக் காட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்கள் ஆற்றில் என்ன கிடைத்தாலும் பேர் சொல்ல மாட்டார்களாம். யார் கேட்டாலும் "கொஞ்சம் மணல்". அக்கா தங்கை என்றாலும் அதுதான் பதில்.

"தவுக்கே, வாயை மூடு. கழுவு, வை, கழுவு, வை. முடிஞ்சுது."

அது அவர்கள் வழக்கம். ஒளித்து வைக்க நான் திருடவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒளித்தா வைத்தேன்?

செப். 17, சனி

புரட்டாசி முதல் சனி. அஞ்சலை படையல் போட்டாள். நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை. கண் பொங்கி, மண்டை காய்கிறது. வெண்டைக்காய் சாம்பார், வடை. வடை கல்லாக இருந்தது, சொன்னேன், சட்டியைச் சொல்லிக் காட்டினாள்.

செப். 18, ஞாயிறு

நாள் முழுக்க மனு. நில ஆபீசுக்கு, இங்கிலீஷில், நானே. அகராதி வைத்து நான்கு முறை அடித்து எழுதினேன். விவரம்:

என் நிலத்தில் ஓடை வளைவில் தங்கம் உள்ளது. என் கையில் இரண்டு குன்றிமணி எடை இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் முன்பே இதை நான் கண்டேன். அப்போது பொய்யன் எனப்பட்டேன். அதிகாரி நேரில் வந்து பார்த்து, இங்கே தங்கம் உண்டு, முதலில் கண்டவன் நான் என்று முத்திரையோடு எழுதித் தர வேண்டும்.

பணம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அதற்காகத்தான் என்பார்கள்.

அஞ்சலை: "யாருக்கு இவ்வளவு நீட்டு லெட்டரு?"

"கவர்மெண்டுக்கு."

"கவர்மெண்டு நம்மள கேட்டுச்சா?"

செப். 19, திங்கள்

கோத்தா திங்கி டவுன். பலகை லாரியில் நின்றுகொண்டே போனேன். ஆற்றில் தண்ணீர் கலங்கி, படித்துறையின் கீழ்ப்படிகள் தெரியவில்லை. நில ஆபீசில் மனுவை நானே கொடுத்தேன். முத்திரை குத்தினார்கள். அந்தச் சத்தம் நன்றாக இருந்தது.

திரும்பும்போது அஞ்சலைக்கு ஒரு புதுச் சட்டி. கடன் தீர்ந்தது.

செப். 22, வியாழன்

காலையில் தூறல், பாதி மரம்தான்.

பெங்குலு வந்தார், மலாய்க் கிராமத் தலைவர். நல்ல மனிதர், எப்போதும் மெதுவாகப் பேசுவார். மரத்தடியில் நின்றே பேசினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஆபீசிலிருந்து அவருக்குத் தகவல். அடுத்த வியாழன் துவான், நில அதிகாரி, வருகிறார், பார்வையிட.

"கவான், ஏன் எழுதினே?" நண்பன் என்று கூப்பிட்டுத்தான் கேட்டார்.

"இருக்கிறதை எழுதினேன்."

"மரம் உன்னோடது. வீடு உன்னோடது. உள்ளே இருக்கிற கல்லும் இரும்பும் ராஜாவோடது. உன் கிரான்ல போட்டிருக்கே. படிக்கலையா?"

"படிச்சேன்."

"முழுசா?"

மேலாற்றில் ஒரு சீனன் மிளகுத் தோட்டம் வைத்திருந்தானாம். ஈயம் இருக்கிறதென்று அவனே போய்ச் சொன்னான். ஒரு வருடத்தில் நிலம் ஒரு கம்பெனிக்குப் போயிற்று. கொடிக்கும் வீட்டுக்கும் ஈடு கொடுத்தார்கள். இப்போது தெப்ராவ் பக்கம் கூலிக்கு இருக்கிறான். "உனக்கும் ஈடு குடுப்பாங்க" என்றார். ஆறுதலாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நம்பவில்லை. என் பத்திரம் எனக்குத் தெரியாததா.

செப். 23, வெள்ளி

கிரானை, நிலப் பத்திரத்தை, எடுத்தேன். தகரப் பெட்டியின் அடியில் இருந்தது. முன்பக்கம்: என் பெயர், ஆறு ஏக்கர், எல்லை, வருட வரி. இதெல்லாம் வாங்கிய அன்றே அகராதி வைத்துப் படித்தவை. ஒரு எழுத்துத் தவறவில்லை.

பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். அன்று இதைப் பார்த்ததாக நினைவில்லை. இன்று காலை முதல் மாலை வரை, சொல் சொல்லாக. நிலம் பயிர் செய்ய மட்டும். மண்ணுக்குள் உள்ள தங்கம், ஈயம், மற்ற எல்லாக் கனிமமும் அரசுக்கு. அவற்றை எடுக்க நிலம் வேண்டுமானால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். பயிருக்கும் கட்டடத்துக்கும் ஈடு.

திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற வரியை மூன்று முறை படித்தேன். அகராதியில் வேறு பொருள் இருக்குமோ என்று தேடினேன். இல்லை.

நான் படித்தது சரியாகத்தான் படித்திருக்கிறேன். படிக்காதது பின்பக்கம்.

இன்று அலசவில்லை.

செப். 24, சனி

அஞ்சலையிடம் சொன்னேன். கோழிக்குக் குறுணை போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்துவிட்டுக் கேட்டாள்.

"தங்கம் இருக்குன்னு அந்த ஆபீஸ் துரை எழுதிட்டாருன்னு வைங்க. அப்புறம்?"

"நிலம் போகும். உடனே இல்லை. ஆறு மாசம், ஒரு வருசம்."

"எழுதலைன்னா?"

"நாம இருக்கலாம்."

குறுணைத் தட்டைத் தட்டினாள்.

"கேட்டுக்கங்க. இருபது வருசம் தோட்டத்து லயத்துக் காம்பராவுல இருந்தேன். பக்கத்து வீட்டுல இருமினா நம்ம பாய் ஆடும். இந்த வயசுல இன்னொருக்க அங்க போவ மாட்டேன். உங்க பேரு ஜெயிக்கட்டும். நான் இங்கயேதான் இருப்பேன். குழி வெட்ட வர்றவங்க என்னையும் சேர்த்துத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

அழவில்லை. அழுதிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

செப். 26, திங்கள்

மறுபடி கோத்தா திங்கி. மனுவைத் திரும்பக் கேட்டேன். ஆபீசில் தமிழ்க் கிளார்க் ஒருவர், கண்ணாடி போட்டவர்.

"ஐயா, பதிஞ்சாச்சு. துவான் வந்து பார்த்துதான் ஆகணும். இல்லேன்னா நீங்களே தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இப்பவே முடிச்சிடலாம்."

காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"தப்பா எழுதலை."

"அப்போ துவான் வருவாரு."

எழுதவில்லை. வந்துவிட்டேன். வழியெல்லாம் மழை.

செப். 27, செவ்வாய்

சீனத்தி. யாரிடம் சொன்னாய் என்று கேட்டாள். அரசாங்கத்திடம் என்றேன். மரத்தட்டை இறக்கி வைத்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"வெளியே மிஞ்ஞாக் போச்சு. உள்ளே இன்னும் இருக்கு," என்று தன் நெற்றியைத் தட்டினாள். இனி இந்தப் பக்கம் வர முடியாது, துவான்கள் வந்தால் ஆற்றுக்கும் பாஸ் கேட்பார்கள் என்றாள். போய்விட்டாள். அவள் பெயரை நான் கேட்டதே இல்லை.

யோசித்தது: கி.சு.வும் வருவார். ஆபீஸ் சேதி எல்லாம் தோட்டத்துக்கு வந்துவிடும். துவானுக்குப் பாதை காட்ட அவரைத்தான் துரை அனுப்புவார். அவர் கண் முன்னால் ஒரு சட்டி. ஒரே சட்டி போதும். ஊத முடியாதபடி அவர் உள்ளங்கையிலேயே வைப்பேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு காட்சிதான்.

சுரம் மாதிரி இருக்கிறது. கசாயம் குடித்தேன்.

செப். 28, புதன்

எட்டாம் குழியை மூடினேன். காலை ஏழு முதல் மூன்று மணி வரை. முடிவு எதுவும் எடுத்ததாக அர்த்தமில்லை. தண்ணீர் தேங்கிக் கொசு.

மூடி முடித்தபோது அஞ்சலை மரவள்ளிக் குச்சிகளோடு வந்தாள். நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. குச்சியைச் சாய்த்துச் சாய்த்து நட்டுக்கொண்டே போனாள். பழைய சருகு அள்ளி மேலே போட்டாள். அங்கே குழி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

புட்டியைக் கேட்டாள். கொடுத்தேன்.

செப். 29, வியாழன்

வெயில். பத்தரைக்கு வந்தார்கள். துவான், மலாய்க்காரர், நாற்பது வயது, காலில் உயரச் சப்பாத்து. பெங்குலு. ஒரு பியூன். கி.சு. வெள்ளைச் சட்டை, குடை.

"வணக்கம் பெரியவரே. நீங்க சொன்னபடி வந்துட்டேன் பாருங்க."

துவான் மனுவைக் கையில் வைத்திருந்தார். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, யார் எழுதியது என்றார். நான் என்றேன். தலையாட்டினார். எந்த இடம் என்று கேட்டார்.

ஓடையைத் தாண்டி மேட்டுக்குக் கூட்டிப் போனேன். மூன்றாம் குழி. செம்மண். மார்ச் மாதத்தில் நூறு சட்டிக்கு மேல் அலசிய இடம், கருமணல்கூட வராத இடம். வளைவைத் தாண்டும்போது அவர்கள் மரவள்ளியை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.

பத்துச் சட்டி. துவான் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். பொறுமையானவர். கி.சு. குடையை விரித்து நிழலில் நின்றார்.

"துவான், இவரு இருபத்திரண்டு வருசமா இப்படித்தான் கழுவிக்கிட்டு இருக்காரு. சட்டிதான் தேயுது."

பதினொன்றாவதுக்கு நான் குனிந்தபோது துவான் போதும் என்றார். வீட்டுக்கு வந்தோம். அஞ்சலை எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். சேலை முந்தியை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். அதன் முனையில் புட்டி பருமனில் ஒரு முடிச்சு.

துவான் மனுவில் ஒரு வரியை விரலால் காட்டினார். கையில் இரண்டு குன்றிமணி எடை இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைக் காட்டு.

அஞ்சலை கி.சு.வுக்குக் காப்பி நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லை" என்றேன்.

"தொலைந்துவிட்டதா?"

"இருந்ததே இல்லை."

பெங்குலு தரையைப் பார்த்தார். அப்படியானால் ஏன் எழுதினாய் என்றார் துவான். அதற்குப் பதிலை கி.சு. சொன்னார், மலாயில், நிதானமாக, சர்வேக் கூட்டம், ஓடை, மைக்கா, பன்னிரண்டு ஆள், எல்லாம். ஒரு சொல் மாறவில்லை. அவருக்கும் நினைவிருக்கிறது. அது நான் எதிர்பாராதது.

அரசாங்கத்துக்குப் பொய் எழுதுவது குற்றம் என்றார் துவான். வயதைப் பார்த்து விடுகிறேன், ஒரு காகிதம் எழுதிக் கொடு, பைலை மூடிவிடலாம். பியூன் பேனா கொடுத்தான். என் நிலத்தில் தங்கம் இல்லை, நான் எழுதியது தவறு என்று இங்கிலீஷில் எழுதினேன். எழுத்து முன்னதைவிட நன்றாக வந்தது.

கி.சு. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"தவறுன்னா யாருக்கும் வரும் பெரியவரே. பொய்யின்னு போட்டுருங்க. ஆபீசுக்குத் தெளிவா இருக்கும்."

துவான் காப்பியைக் குடித்தார். அடித்துவிட்டுப் பொய் என்று போட்டேன். கையெழுத்து, தேதி.

ஒரு மணிக்குப் போனார்கள். கி.சு. காப்பி நன்றாக இருந்தது என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

செப். 30, வெள்ளி

காலையில் நூற்று நாற்பது மரம். பால் கொஞ்சம் தேவலை.

கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், உப்பு இருந்தது. போனேன். பெஞ்சியில் ஏழு பேர். கி.சு. வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கடைக்காரர் சீனி நிறுத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, கிராணி சொல்றாரே. நெசமாவே பொய்யின்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"அப்போ அந்தக் காலத்துல பார்த்தது?"

"அதுவும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று கொஞ்சம் நின்றேன். ஒருவன் நகர்ந்து பெஞ்சியில் இடம் கொடுத்தான். உட்காரவில்லை.

வீட்டுக்கு வரும்போது அஞ்சலை மேட்டு வரிசையில் பால் கிண்ணங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கடையில என்ன பேசிக்கிட்டாங்க?"

"மழை வரும்னாங்க."

நாலு மணிக்கு வந்தது.